புகார்கள்: பூஜ்யம்

முண்டாரா ஊரில் இருக்கும் புனித ஒஸ்வின் ஆண்கள் பள்ளிக்கு, கட்டிய நாள் முதல் இன்றுவரை, தொண்ணூற்று நான்கு வருடங்களில் ஒரே ஒரு புகார்கூட வந்தது கிடையாது. விடுதிக் கஞ்சியைப் பற்றிக்கூட வந்ததில்லை. அந்தக் கஞ்சியில் விழுந்த ஈக்கள்கூட வாயைத் திறக்காமல்தான் செத்திருக்கின்றன.

சும்மா சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள் என்று பள்ளிக்கே தெரியும். அதனால்தான் பலகை. ஊர் எல்லையில் இன்றைக்குக் காட்டுத்தீ எவ்வளவு மூர்க்கமாக வரும் என்று முள் காட்டுகிற அரைவட்டப் பலகை இருக்கிறதே, அதைச் செய்தவனிடமே சொல்லிச் செய்த பலகை. வாசலில், வண்டியில் போகிறவர்கள் கண்ணிலும் படுகிற உயரத்தில் நிற்கிறது: ‘வருடங்கள் 94. புகார்கள் 0.’ பிப்ரவரியில் பள்ளி திறக்கும் நாளன்று, பேண்டு வாத்தியம் முழங்க, தலைமையாசிரியர் ஏணியில் ஏறி வருடத்தின் எண்ணை மாற்றுவார். பூஜ்யத்தை யாரும் தொடுவதில்லை. மாற்றவேண்டிய அவசியமே வராது என்று அதை மட்டும் பித்தளையில் வார்த்து, சுற்றிலும் ஆணி அறைந்துவிட்டார்கள். வாராவாரம் அதற்குப் பாலிஷ் உண்டு. வெயில் நாளில் அது அடிக்கிற மின்னலில், இரண்டு கிலோமீட்டர் தள்ளி மேயும் ஆடுகள் கண் கூசி மறுபக்கம் திரும்பிக்கொள்ளும்.

பலகைக்குக் கீழே இரும்புக் கம்பி வேலி. வேலி முழுக்க ரிப்பன்.

எட்டு வருடங்களுக்கு முன் ஒரு காலையில் முதல் ரிப்பன் தென்பட்டது. நீலம். யார் கட்டினார்கள் என்று யாரும் அறிவிக்கவில்லை. ஏன் கட்டினார்கள் என்று ஊரில் யாரும் கேட்கவும் இல்லை. அந்த வேலிக்கு உள்ளே, சிறுவனாக இருந்தபோது, யாரை நம்பி ஒப்படைத்தார்களோ அந்தப் பெரியவர்களாலேயே சீரழிக்கப்பட்ட ஒவ்வொருவனுக்கும் ஒரு ரிப்பன். சிலர் தாங்களே வந்து கட்டினார்கள். சிலருக்கு அவர்களுடைய விதவைகள் வந்து கட்டினார்கள். இப்போது கம்பியே தெரியாது. காற்றடித்தால் பள்ளி அப்படியே கிளம்பிப் பறக்கப்போவது போலிருக்கும்.

பள்ளி சும்மா இருக்கவில்லை. ரிப்பன் குழு என்று ஒன்பது பேர் கொண்ட குழு அமைத்து, பதினெட்டு மாதம் ஆராய்ந்து, இவை அலங்காரங்கள் என்று தீர்மானித்தது. அலங்காரம் என்றால் ஒழுங்கு வேண்டாமா? நீளம் பதினைந்து சென்டிமீட்டருக்கு மிகக் கூடாது. பள்ளிச் சீருடை நிறத்தோடு மோதக் கூடாது. வெள்ளிக்கிழமை மாலை எல்லாவற்றையும் அவிழ்த்து, துவைத்து, இஸ்திரி போட்டு, ‘கண்டெடுத்த பொருள்கள்’ என்று எழுதிய பெட்டியில் வைத்துவிடுவார்கள். சனிக்கிழமை காலை யாராவது வந்து பெட்டியைக் கேட்டு வாங்கி, மறுபடி கட்டிவிட்டுப் போவார்கள். முண்டாராவைப் போலச் சுத்தமான ரிப்பன்கள் உலகத்திலேயே கிடையாது.

இதற்கெல்லாம் ஒரு முடிவு கட்டத்தான் தலைமையாசிரியர் கேவின் திராஸ்பி, வேலிக்காரன் டெஸ் மல்விஹிலுக்கு போன் போட்டார்.

டெஸ்ஸுக்கு வயது அறுபத்தாறு. நாற்பத்தைந்து வருடமாக வேலி போடுகிறவன். அவன் போட்ட வேலிகளை ஒன்றாக நீட்டி இழுத்தால் நிலாவைச் சுற்றி மூன்று வளையம் போட்டு, மிச்சத்தில் ஒரு கோழிக்கூடும் கட்டலாம். அவன் இந்தத் தொழிலுக்கு வந்ததற்குக் காரணம் ஒன்றுதான். வேலி வேலையில் கதவு கிடையாது. இரண்டு பக்கமும் வெளி. அவன் வீட்டிலும் எந்த அறைக்கும் கதவு இல்லை, கழற்றிக் கொட்டகையில் அடுக்கிவிட்டான். கல்யாணம் செய்துகொண்ட பெண் ஒரே குளிர்காலத்தோடு போய்விட்டாள். போகும்போது அவள் சொன்ன காரணம் குளிர். டெஸ் வேறு காரணத்தைச் சொல்லும்படி அவளைக் கேட்கவில்லை.

“வாங்க டெஸ், வாங்க. சார் கீர்னெல்லாம் வேண்டாம், வெறும் கேவின்னு கூப்பிடுங்க” என்று வாசலுக்கே வந்து கையைக் குலுக்கினார் தலைமையாசிரியர். “இங்க நாங்க எல்லாரும் ஒரே குடும்பம். சரி, விஷயத்துக்கு வரேன். எங்களுக்கு ஒரு வேலி வேணும்.”

“எதுக்கு? மாட்டுக்கா, ஆட்டுக்கா?”

“ரிப்பனுக்கு.”

டெஸ் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டான்.

“அதாவது முடிச்சுப் போட முடியாத வேலி. கம்பி இருக்கக் கூடாது. ஓட்டை இருக்கக் கூடாது. எதுவும் சுத்துற மாதிரி விளிம்பு இருக்கக் கூடாது. ஆனா வெளியிலேருந்து பாக்குறவங்களுக்கு நாங்க திறந்த மனசோட இருக்கோம்னு தெரியணும்.”

“அப்போ கண்ணாடிதான் போடணும்.”

தலைமையாசிரியர் யோசித்தார். “கண்ணாடி நல்ல யோசனைதான். ஆனா உள்ள தெரியுமே?”

டெஸ் அளவு நாடாவை இடுப்பிலிருந்து எடுத்தான், ஆனால் நீட்டவில்லை. “கேவின், அதுல ஒண்ணு என்னோடது.”

“எதுல?”

“ரிப்பன்ல. கேட்டுலேருந்து ஏழாவது கம்பி. மஞ்சள்.”

“அடடா, மஞ்சளா! நல்ல உற்சாகமான கலர்.”

வேலிமேல் ஒரு மேக்பை பறவை உட்கார்ந்து, ஒரு ரிப்பனை இழுத்துப் பார்த்துவிட்டுப் போயிற்று.

“எனக்குப் பதினொரு வயசு” என்றான் டெஸ், நாடாவைப் பார்த்தபடி. “இங்க வாத்தியாரா இருந்த துறவி, பிரதர் லியாண்டர், பண்ணதை ஆபீஸ்ல வந்து சொன்னேன். பொய் சொல்றேன்னு ஆறு அடி போட்டீங்க. வீட்டுக்கு லெட்டர் அனுப்பிச்சீங்க, அப்பா தன் பங்குக்கு வேற போட்டாரு. அதெல்லாம் போகட்டும். எனக்குக் காசு கீசு ஒண்ணும் வேணாம். ஒரே ஒரு வரி எழுதிக் குடுங்க. ‘இவன் பொய் சொல்லல.’ அவ்வளவுதான். எங்க அக்காகிட்ட காட்டணும்.”

தலைமையாசிரியரின் முகம் எங்கோ எரிவாயு கசிகிற வாசனை வந்தவர் முகம்போல ஆயிற்று. “டெஸ், இதைக் கேக்குறப்போ எனக்கு ரொம்ப… ரொம்ப…” என்று நெஞ்சில் கை வைத்தவர், “அந்த வார்த்தை என்னன்னு வக்கீலைக் கேட்டுட்டுச் சொல்லிடறேன்” என்று முடித்தார். பிறகு, அளவு எடுக்க எப்போது வருவான் என்று கேட்டார்.

டெஸ்ஸின் அக்கா நோரீனைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். எழுபத்திரண்டு வயது. பதினாறு வயதில் அந்தப் பள்ளி அலுவலகத்தில் எழுத்து வேலைக்குச் சேர்ந்து, நாற்பத்தாறு வருடம் அதே நாற்காலியில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவள். அலுவலக ஜன்னலுக்குக் கீழே அவள் பெயர் பொறித்த தகடே இருக்கிறது. தம்பிமேல் உயிர். ஞாயிறு தவறாமல் ஆட்டுக்கறி வேகவைத்துப் பாத்திரத்தோடு கொண்டுவருவாள், அவன் சட்டைக்குப் பொத்தான் தைப்பாள், காய்ச்சல் என்றால் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். நம்புவது மட்டும் கிடையாது. அந்த ஆறு அடிக்குப் பிறகு வீட்டில் அவன் ‘கதைக்காரன்’ ஆகிவிட்டான். ஐம்பத்தைந்து வருடமாக, டெஸ் “மழை பெய்யுது” என்று சொன்னால் நோரீன் எழுந்து ஜன்னல் பக்கம் போய்ப் பார்த்துவிட்டுத்தான் துணியை எடுப்பாள். அவள் அதை வேண்டுமென்று செய்வதில்லை. அதுதான் டெஸ்ஸைக் கொன்றது.

வக்கீல் என்ன வார்த்தை சொன்னாரோ, மறுவாரம் டெஸ்ஸுக்கு ‘செவிசாய்ப்பு அலுவலகம்’ என்ற இடத்திலிருந்து அழைப்பு வந்தது. பள்ளிக்கு உள்ளேயேதான், பிரதர் லியாண்டர் நினைவு இசைக்கூடத்தின் முதல் மாடி.

டெஸ் கட்டடத்தின் வாசல்வரை வந்தான். பெயரை ஒருமுறை படித்தான். பிறகு புல்வெளிக்குப் போய் நின்றுகொண்டான். பத்து நிமிடம் கழித்து மேலே ஜன்னல் திறந்தது. இருபத்தாறு வயதுப் பெண் ஒருத்தி எட்டிப் பார்த்தாள்.

“டெஸ்தானே? நான் டாம்சின். உங்களோட சேர்ந்து நடக்குற பயணத்தோட ஒருங்கிணைப்பாளர். மேல வாங்களேன்!”

“இங்கேயே நடக்கறேம்மா.”

“பரவாயில்ல, நிறைய பேர் அப்படித்தான் சொல்றாங்க. அதுக்குன்னே கூடை வெச்சிருக்கோம்.”

உண்மைதான். கயிற்றில் ஒரு கூடை இறங்கியது. அதில் ஒரு குவளைத் தேநீர், ஸ்கோன் என்கிற குட்டி ரொட்டி ஒன்று, ஒரு பெட்டி காகிதக் கைக்குட்டை, ஒரு கட்டுப் படிவம். குவளையில் ‘உங்கள் குரல் எங்களுக்குக் கேட்கிறது’ என்று அச்சிட்டிருந்தது. டெஸ் நன்றி சொன்னான். “என்ன சொல்றீங்க? கேக்கல!” என்று மேலிருந்து குரல் வந்தது.

படிவத்தில் நாற்பத்தெட்டுக் கேள்விகள். சம்பவத்தின்போது வெப்பநிலை என்ன? அப்போது உங்கள் தொழில் என்ன? பொறுப்புள்ள மூன்றாம் நபர் யாராவது அருகில் இருந்தாரா? இல்லையெனில் அவரை முன்கூட்டியே ஏன் அழைத்து வைத்துக்கொள்ளவில்லை? டெஸ் ‘தொழில்’ என்ற இடத்தில் ‘ஐந்தாம் வகுப்பு’ என்று எழுதினான். மற்றவற்றில் கோடு போட்டான்.

“இது புகார்ப் படிவம்தானே?” என்று கத்திக் கேட்டான்.

“ஐயோ, இல்ல இல்ல!” டாம்சின் பதறிவிட்டாள். “இது பகிர்வுப் படிவம். புகார்ப் படிவம் பூட்டி வெச்சிருக்கு. நடந்ததுன்னு நிரூபணம் ஆனாத்தான் அது புகார்.”

“எப்போ நிரூபணம் ஆகும்?”

“விசாரிச்சா.”

“எப்போ விசாரிப்பாங்க?”

“புகார் வந்தா.” சொல்லிவிட்டு அவள் ஜன்னல் விளிம்பைக் கொஞ்ச நேரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். நல்ல பெண். “இந்த வருஷம் மட்டும் இருநூத்திப் பன்னிரண்டு பகிர்வு வந்திருக்கு டெஸ். அலமாரி மூட மாட்டேங்குது. நான் எல்லாத்தையும் படிக்கிறேன். படிக்கிறதுக்கு மட்டும்தான் எனக்கு அனுமதி.”

“அந்த ஒரு வரி?”

“அதுக்கு மன்னிப்பு வைபவம்னு ஒண்ணு இருக்கு. வர்ற செவ்வாய்க்கிழமை இடம் இருக்கு. கடைசிப் பக்கத்துல ஒரு நிபந்தனை மட்டும் பாத்துக்கோங்க.”

டெஸ் கடைசிப் பக்கத்தைப் பார்த்தான். சமநிலை கருதி, பகிர்பவரை நம்பாத ஒருவர், குடும்பத்திலிருந்தே, உடன் வரவேண்டும். அவர் கையெழுத்தில்லாமல் எந்தப் பகிர்வும் செல்லாது.

எத்தனையோ வருடம் கழித்து அந்தப் பள்ளி வளாகத்துக்குள் டெஸ் சிரித்தான். “இதுக்கு மட்டும் நான் அலையவே வேணாம்.”

நோரீன் தன் சமையலறையில் மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

“என்னை எதுக்குடா இழுக்குறே?”

“நம்பாதவங்க வேணுமாம். உன்னை விட்டா ஊர்ல அனுபவசாலி ஏது?”

“கிண்டலா? நல்ல ஷூ போட்டுக்கணுமா?”

“தொப்பியும் போட்டுக்கோ. ஸ்கோன் உண்டாம்.”

மாவுக் கையோடு திரும்பினாள். “டெஸ்ஸி, நான் உன்னைப் பொய்யன்னு சொல்லல. சின்னப் பையன், என்னவோ புரியாம சொல்லிட்டே. பாவம் லியாண்டர், நல்லா பியானோ வாசிப்பாரு. ஒரு புகார் வந்ததில்லடா. நாப்பத்தாறு வருஷம் அந்த நாற்காலில உக்காந்தவ நான். வந்திருந்தா என் கையைத் தாண்டித்தானே போயிருக்கணும்?”

“மழை வரும்போல இருக்கு, துணி எடு” என்றான் டெஸ்.

அவள் ஜன்னலுக்குப் போனாள்.

செவ்வாய்க்கிழமை புல்வெளியில் கூடாரம் போட்டிருந்தார்கள். மன்னிப்பு வைபவத்துக்கென்றே தைத்த கூடாரம், பள்ளிச் சின்னத்தோடு. சந்தேகிப்பவருக்கு, அதாவது நோரீனுக்கு, மெத்தை வைத்த நாற்காலி, மார்பில் குத்திக்கொள்ள ஒரு வெள்ளிப் பதக்கம், முதல் ஸ்கோன், மேலே ஜாம், அதற்கு மேலே கிரீம். பகிர்பவருக்குப் பிளாஸ்டிக் நாற்காலி. அதன் ஒரு கால் புல்லில் புதைந்து டெஸ்ஸைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்திருந்தது. பார்க்கிறவர்களுக்கு அவன்தான் ஏதோ தப்புச் செய்துவிட்டு நெளிகிறவன்போல இருந்தான்.

எதிரே தலைமையாசிரியர். அவருக்கு வலப்பக்கம் பள்ளியின் வக்கீல், கையில் ஒரு சின்னப் பித்தளை மணி. பூசையில் அடிப்பார்களே, அதே மணி. பேச்சு உண்மையை நோக்கி நகர்கிற மாதிரி தெரிந்தால் அவர் அடிப்பார். உடனே தலைமையாசிரியர் பின்வாங்கிவிட வேண்டும். இடப்பக்கம் டாம்சின், காகிதக் கைக்குட்டையோடு.

தலைமையாசிரியர் எழுந்து தொண்டையைச் செருமினார்.

“அன்பான டெஸ், இந்தப் பள்ளியின் சார்பாக, நடந்திருந்தால் நடந்திருக்கக் கூடாததாகிய, நடந்ததாகச் சிலரால் உணரப்பட்ட, ஒரு காலகட்டத்தின் பொதுவான சூழ்நிலையில், தங்களுக்கு நேர்ந்த…”

மணி அடித்தது.

“…நேராத, ஆனால் நேர்ந்ததுபோல் தங்களுடன் நீண்ட நாள் தங்கிவிட்ட ஒரு நினைவின் பொருட்டு, எங்கள் மனம்…”

மணி.

“…எங்கள் நிர்வாகம், வருத்தத்தின் அருகில் நிற்கிறது. பிரதர் லியாண்டர் அபூர்வமான ஆசிரியர். எங்களிடம் ஏழு வருடம் இருந்தார். அதற்குப் பிறகு எந்தப் பள்ளியும் அவரை ஒரு வருடத்துக்கு மேல் தன்னிடம் வைத்துக்கொள்ளவில்லை. அவ்வளவு பெருந்தன்மையோடு அடுத்த பள்ளிக்கு விட்டுக்கொடுத்தார்கள். பாதிப் பருவத்தில், சில சமயம் ஒரே இரவில் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பவேண்டிய அளவுக்கு அவருக்குத் தேவை இருந்தது. அவர் போகுமிடமெல்லாம் பிள்ளைகள் அமைதியாகிவிடுவார்கள். அப்படிப்பட்ட ஓர் அமைதியை…”

வக்கீல் மணியை எடுத்தார், யோசித்தார், வைத்துவிட்டார். அதில் எந்த இடத்தில் அடிப்பது என்று அவருக்கே தெரியவில்லை.

“என் ஒரு வரி?” என்றான் டெஸ்.

“வருகிறேன், வருகிறேன்.” தலைமையாசிரியர் முகம் மலர்ந்தது. “வெறும் வாய் வார்த்தையோட உங்களை அனுப்ப மாட்டோம் டெஸ். உங்க விஷயத்தை எவ்வளவு பொறுப்பா நடத்தியிருக்கோம்னு ஆதாரத்தோட காட்டப்போறோம். லயனல்!”

ஆவணக் காப்பாளர் லயனல் பெவரெல் வெள்ளைக் கையுறை போட்டு, பட்டு மெத்தைமேல் ஒரு பெரிய பச்சை நோட்டைத் தாங்கிக்கொண்டு, பிறந்த குழந்தையைக் கொண்டுவருவதுபோல வந்தார். எல்லோரும் எழுந்து நின்றார்கள். நோட்டு மேசையில் அமர்ந்த பிறகுதான் உட்கார்ந்தார்கள்.

“தண்டனைப் பதிவேடு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதாம் வருஷம்” என்று லயனல் பக்கத்தைத் திறந்தார். “ஒரு எலி கடி இல்ல, ஒரு கறை இல்ல. கேளுங்க. ‘மே பதினான்கு. மல்விஹில், டி. குற்றம்: பிரதர் எல். பற்றிப் பொய். அடி ஆறு.’”

“பாருங்க!” தலைமையாசிரியர் கையைத் தட்டியேவிட்டார். “புகாரே இல்ல. பொய்! அதுவும் அன்னிக்கே விசாரிச்சு, அன்னிக்கே தீர்ப்பு, அன்னிக்கே தண்டனை. இவ்வளவு வேகமா எந்த நிர்வாகம் வேலை செஞ்சிருக்கும்?”

டெஸ் அந்தப் பச்சை அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தான். “மேல கீழ வேற யாராச்சும் இருக்காங்களா?”

“இருக்காங்களே!” தன் பதிவேடு முழுமையானது என்பதில் லயனலுக்குத் தாங்க முடியாத பெருமை. “மார்ச் மூணு, காயில், டி. பிரதர் எல். பற்றிப் பொய், ஆறு. மார்ச் பத்தொம்பது, லெனிஹன், பி. அதே பொய், ஆறு. ஏப்ரல்ல ரெண்டு பேர். அப்புறம் நீங்க. ஜூன்ல ஃபிராலி, அண்ணன் தம்பி ரெண்டு பேரும். இப்படி ஏழு வருஷம். நான் எண்ணியே வெச்சிருக்கேன். மொத்தம் நாப்பத்தொண்ணு.”

டெஸ்ஸின் கை நாற்காலி விளிம்பைப் பிடித்தது. டாமி காயில் இருபத்திரண்டு வயதில் தானியக் கிடங்கின் உச்சியிலிருந்து விழுந்தவன். விழுந்தான் என்றுதான் ஊர் சொன்னது. பாட் லெனிஹன் குடித்தே போனான். ஃபிராலி சகோதரர்களில் ஒருவன் இருக்கிறான், யாரோடும் பேசுவதில்லை. அவர்கள் எவனும் டெஸ்ஸிடம் எதையும் சொன்னதில்லை. டெஸ்ஸும் அவர்களிடம் சொன்னதில்லை. ஒரே வரிசையில் உட்கார்ந்து, ஒரே பந்தை உதைத்து, ஒவ்வொருவனும் தான் ஒருத்தன்தான் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறான்.

“நாப்பத்தொரு பொய்!” தலைமையாசிரியர் உணர்ச்சிவசப்பட்டுவிட்டார். “எல்லாம் ஒரே பொய். ஒரு வார்த்தை மாறல. கலந்து பேசக்கூட இல்ல, ஆனா ஏழு வருஷமா அச்சடிச்ச மாதிரி ஒரே பொய். அந்தக் காலத்துப் பசங்ககிட்ட என்ன ஒரு ஒத்துமை பாத்தீங்களா!”

வக்கீல் பாய்ந்து மணியை எடுக்கப் போனார். அது கை நழுவிக் கிரீம் கிண்ணத்தில் விழுந்து, சத்தமில்லாமல் மூழ்கியது.

“அதோட கையெழுத்தைப் பாருங்க” என்று லயனல் நோட்டை மெல்ல நோரீன் பக்கம் திருப்பினார். “மிசஸ் டல்லி, நீங்களும் எழுத்து வேலை பாத்தவங்க, உங்களுக்குத்தான் அருமை தெரியும். ஊதா மை. ஒவ்வொரு எழுத்தும் முத்து மாதிரி. யாரோ ஒரு பெண்ணோட கைன்னு நினைக்கிறேன்.”

நோரீன் ஸ்கோனைத் தட்டில் வைத்தாள். விரலில் ஒட்டியிருந்த ஜாமைத் துடைத்தாள். துடைத்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

“அந்த மையை நான்தான் கேட்டு வாங்கினேன்” என்றாள். “கறுப்பு மை பரவும்.”

லயனல் நோட்டிலிருந்து கையை எடுத்தார்.

“அப்போ இருந்த பிரின்சிபல் சொல்லச் சொல்ல எழுதுவேன். சில மாசத்துல ஒண்ணு, ரெண்டு. எழுதி மூடி வெச்சுட்டு டீ போடப் போயிடுவேன். ஒரு நாள் வந்ததை இன்னொரு நாள் வந்ததோட…” விரலைப் பக்கத்தின் மேலே வைத்து, பெயர் பெயராகக் கீழே இறக்கினாள். லயனல் கையுறையை நீட்டினார். அவள் வாங்கவில்லை. மல்விஹில் என்ற இடத்தில் விரல் நின்றது. “இது வர்றப்போகூட எழுதினேன். அன்னிக்குக் கை நடுங்குச்சு. பாரு, ‘வி’ கொஞ்சம் கோணியிருக்கு. அதை யாரும் கவனிச்சிடக் கூடாதேன்னுதான் எனக்குக் கவலையா இருந்தது.”

“அற்புதமான நினைவாற்றல்!” என்றார் தலைமையாசிரியர். “டாம்சின், அந்தப் படிவம். நோரீன், உங்க கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி.”

படிவத்தில் இரண்டே கட்டங்கள் இருந்தன. ‘முன்போலவே சந்தேகிக்கிறேன்.’ ‘முன்பைவிட அதிகமாகச் சந்தேகிக்கிறேன்.’

நோரீன் கண்ணாடியை மாட்டிப் படித்தாள். திருப்பிப் பின்பக்கமும் பார்த்தாள். “மூணாவது கட்டம் எங்கேம்மா?”

டாம்சின் கண்கள் சிவந்திருந்தன. கைக்குட்டைப் பெட்டியிலிருந்து அவளே இரண்டை எடுத்துவிட்டிருந்தாள். “மூணாவது கிடையாது மிசஸ் டல்லி. நான் கேட்டுப் பாத்தேன். போன வருஷமே.”

நோரீன் தன் கைப்பையிலிருந்து பேனாவை எடுத்தாள். இரண்டாவது கட்டத்துக்குக் கீழே, அடிக்கோல் இல்லாமலே, நாலு பக்கமும் நேராக ஒரு கட்டம் வரைந்தாள். அதற்குள் ஒரு டிக் போட்டாள். பக்கத்தில் ஒன்றும் எழுதவில்லை. பேனாவை மூடிப் பையில் வைத்துவிட்டாள்.

வக்கீல் படிவத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மணி கிரீமில் இருந்ததால் வாயாலேயே “டிங்” என்றார். “செல்லாது. அங்கீகரிக்கப்படாத கட்டம். சந்தேகிப்பவர் சந்தேகிக்கத் தவறிட்டாங்க. சந்தேகிப்பவர் இல்லாததால சமநிலை இல்லை. சமநிலை இல்லாததால பகிர்வு ரத்து.”

“மறுபடி முதல்லேருந்து வரலாம் டெஸ், தாராளமா வரலாம்!” என்றார் தலைமையாசிரியர். “உங்களை நம்பாத வேற ஒரு உறவுக்காரரைக் கூட்டிட்டு வாங்க, அவ்வளவுதான்.”

“எனக்கு வேற யாரும் இல்ல” என்றான் டெஸ். “இவ ஒருத்திதான் இருந்தா.”

“அப்படின்னா கஷ்டம்தான்” என்றார் தலைமையாசிரியர், உண்மையான அனுதாபத்தோடு. “வேலிக்கு அளவெடுக்க மட்டும் மறந்துடாதீங்க.”

லயனல் நோட்டைப் பட்டு மெத்தையில் ஏற்றிக்கொண்டு போனார். ஜாம் கைபட்ட பக்கத்துக்குச் சிகிச்சை தேவைப்படுவதால், அந்தப் பதிவேட்டை இனி நாற்பது வருடம் யாரும் பார்க்கமுடியாது என்று போகும்போதே அறிவித்தார். கூடாரத்தை அவிழ்க்க ஆட்கள் வந்தார்கள். அடுத்த மன்னிப்பு நான்கு மணிக்கு, பக்கத்து ஊரில்.

டெஸ்ஸும் நோரீனும் வாசலை நோக்கி நடந்தார்கள். அவள் மார்பில் சந்தேகிப்பவருக்கான வெள்ளிப் பதக்கம் இன்னும் குத்தியிருந்தது. எடுக்க மறந்துவிட்டாள். அவனுடைய சின்னச் சரக்கு வண்டி வேலிக்கு வெளியே நின்றது. ஏழாவது கம்பியில் மஞ்சள் ரிப்பன், போன வெள்ளிக்கிழமை இஸ்திரி போட்ட மடிப்புக் கலையாமல் தொங்கிக்கொண்டிருந்தது. தலைக்கு மேலே பூஜ்யம், பாலிஷ் போட்டுப் புத்தம் புதிதாக.

“மழை வருது” என்றான் டெஸ், பழக்கத்தில்.

நோரீன் மேலே பார்க்கவில்லை. பையிலிருந்து குடையை எடுத்தாள், விரித்தாள், அவன் தலைக்கு நேராகப் பிடித்தாள். அவன்தான் உயரம், அவள் கையைத் தூக்கிக்கொண்டே நிற்க வேண்டியிருந்தது. இன்னும் ஒரு துளிகூட விழுந்திருக்கவில்லை.

“குடையை இறக்கு நோரீன், கை வலிக்கும்.”

அவள் இறக்கவில்லை. அந்த மஞ்சள் ரிப்பனைப் பார்த்துக்கொண்டு, அலுவலக ஜன்னலில் நின்று பெயரைச் சரிபார்க்கிற அதே குரலில் சொன்னாள்:

“நடந்ததுடா டெஸ்ஸி. அது நடந்தது.”